மணமான மகள் யார் கணக்கில்?



இராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே பேருந்தில் அரை மணி நேரப் பயணந்தான். ஆயினும் தை மாதத்தில் பிள்ளைகளுக்கு மணம் முடித்து மகிழ்ந்த சம்பந்திகள் இருவர், தவக்காலம் முழுவதும் ஒருவரோடொருவர் பேசாதிருந்தனர். காரணம் நகையன்று, சீரன்று, வருமான வரிக் கணக்கு!

பெண்ணின் தந்தை இராஜபாளையத்துப் பஞ்சாலை ஒன்றில் கணக்கர். மகளின் படிப்புக்காகத் தம் பெயரில் வங்கிக் கடன் வாங்கியவர். அவளுக்கு மருத்துவக் காப்பீட்டுத் தவணையும் கட்டி வருபவர். "வளர்த்துப் படிக்க வைத்தவன் நான். இந்த ஆண்டும் அவள் என் கணக்கில்தான்" என்றார். "தாலி ஏறியபின் அவள் எங்கள் வீட்டுப் பெண். என் மகன் கணக்கில்தான் வரவேண்டும்" என்றார் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சம்பந்தி. நடுவில் நின்று கண்ணீர் வடித்தவளோ, தனியார் பள்ளியொன்றில் ஆசிரியையாகப் பணிபுரியும் அந்தப் பெண்.

சட்டம் என்ன சொல்கிறது? சில நாடுகளில், சார்ந்து வாழும் பிள்ளைக்கென்றே பெற்றோருக்கு வரிச் சலுகை உண்டு. நம் நாட்டில் வயது வந்த மகன் அல்லது மகளைக் காட்டி அவ்வாறு பொதுவான சலுகை பெற இயலாது. இந்துக் கூட்டுக் குடும்பம் என்னும் தனி வரி அமைப்பும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இல்லை. வயது வந்த ஒவ்வொருவரும் வரித்துறையின் முன் தனி ஆளே. எனவே, "அவள் யாருக்கு உரியவள்?" என்று கேட்பதை விடுத்து, "எந்தச் செலவை யார் செய்தார்?" என்று கேட்பதே முறை.

பழைய வரி முறையைத் தேர்ந்தோர் இவற்றை நினைவில் கொள்க. ஆயுள் காப்பீட்டுத் தவணையைத் தந்தை கட்டினால், மகள் மணமானவளாயினும் அதை அவர் தம் கணக்கில் எழுதலாம், ரூ.1,50,000 என்னும் மொத்த வரம்புக்குள் அது அடங்கும். மருத்துவக் காப்பீடு அப்படியன்று. தம்மைச் சார்ந்து வாழும் பிள்ளைக்குக் கட்டியதையே தந்தை எழுதலாம். ஊதியம் பெறும் மகள் அதில் அடங்காள். கணவன் தன் மனைவிக்குக் கட்டியதை எழுதத் தடையில்லை. கல்விக் கடனிலோ, கடன் யார் பெயரில் உள்ளதோ அவர் தம் வருமானத்திலிருந்து கட்டிய வட்டிக்கு மட்டுமே, எட்டு ஆண்டுகள் வரை கழிவு உண்டு, அசலுக்கு இல்லை. ஆகவே வட்டியில் தந்தை சொன்னது சரி. மருத்துவக் காப்பீட்டில் சம்பந்தி சொன்னது சரி, தவணையை அவர் மகன் கட்டும் பட்சத்தில்!

ஆனால் 2023-24 நிதியாண்டு முதல் புதிய வரி முறையே இயல்பான முறையாகிவிட்டது. அதில் மேற்சொன்ன கழிவுகள் எவையும் இல்லை. மறுபுறம், 2025-26 முதல் அம்முறையில் ரூ.12 லட்சம் வரை சாதாரண வருமானம் உடையோர் வரி கட்ட வேண்டியதில்லை. இரு வீட்டாரும் அமர்ந்து இரு முறைகளிலும் கணக்கிட்டுப் பார்த்தபோது, புதிய முறையில் எவருக்குமே ஒரு ரூபாய் வரியும் வரவில்லை! அத்தனை நாள் மௌனமும் இல்லாத பணத்துக்காகவே.

குடும்ப அட்டையில் மட்டும் அவள் எங்கேனும் ஓரிடத்தில்தான் இருக்கவேண்டும். ஒருவர் பெயர் இரண்டு அட்டைகளில் இருத்தல் ஆகாது. இராஜபாளையத்து அட்டையில் நீக்கியபின்பே ஸ்ரீவில்லிபுத்தூர் அட்டையில் சேர்த்தல் முறை. தந்தைக்கு அது மனவருத்தம் தருவதே. எனினும் பெயரை நீக்குவது மகளை நீக்குவதன்று.

இன்னொன்றும் சொல்வோம். பழைய முறையில், ஊதியம் பெறும் மகள் தன் பெற்றோருக்குக் கட்டும் மருத்துவக் காப்பீட்டுத் தவணையை, அவள் மணமானவளாயினும், தன் கணக்கில் எழுதலாம். வரம்பு ரூ.25,000, பெற்றோர் 60 வயதை எட்டியிருப்பின் ரூ.50,000. அவர்கள் அவளைச் சார்ந்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. மணமாகிப் போய்ச் சம்பாதிக்கும் மகளைத் தந்தை தம் கணக்கில் எழுத இயலாது. மகளோ தந்தையைத் தன் கணக்கில் எழுதலாம்!

இதைக் கேட்டதும் அந்தக் கணக்கர் சற்று நேரம் பேசவில்லை. உயிர்ப்பு ஞாயிறன்று ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் விருந்துண்டார் எனப் பின்னர் அறிந்தோம்.

பெற்றோரே, படிவத்தை நிரப்புமுன் பிள்ளைகளோடு அமர்ந்து பேசுங்கள். கணக்கு தவறினால் திருத்திக்கொள்ளலாம். சுடுசொல்லைத் திருத்துவது அரிது.