மிகாமலும் குறையாமலும்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியவர் நம் முன்னோர். ஆயினும் நம்முட் பலர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றொரு கண்ணாலேயே உலகை நோக்க முயல்கின்றனர். இலக்கியம் கற்போர் இயற்கணிதத்தை அயலார் வீட்டுப் பொருளென எண்ணி ஒதுங்குகின்றனர். கணிதம் கற்போரோ மொழியறிவு தமக்கு வேண்டுவதன்று எனக் கருதுகின்றனர். இவ்விரண்டும் பிழையென்பதை இயற்கணிதத்தின் மிக எளிய பகுதியொன்றைக் கொண்டே காட்ட விழைகின்றோம். அஃது ஒருபடி அசமன்பாடு என்பது. ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்கள் இதனைச் சமனிலி என வழங்கும். சுருங்கிய அச்சொல் எமக்கு உவப்பாதலின் ஈண்டு அதனையே ஆள்கின்றோம். இரண்டு அளவுகள் ஒத்தன என்று கூறுவது சமன்பாடு. ஒன்று மற்றொன்றினும் மிகுந்தது அல்லது குறைந்தது என்று கூறுவது சமனிலி.

சென்ற கோடை விடுமுறையில், காரைக்குடியை அடுத்த மானகிரியில், பள்ளிச் சிறுவர் சிலருக்கு மாலை வேளைகளிற் பாடம் சொல்லும் வாய்ப்பு எமக்குக் கிட்டிற்று. ஒருநாள் 50 − 10ந ≥ 20 என்னும் கணக்கைக் கொடுத்து, 'ந' என்பதன் மதிப்பைக் காணுமாறு கூறினோம். இடப்புறம் வலப்புறத்திற்குக் குறையாதது என்பதே அக்குறியின் பொருள். அவருள் கூர்மதி வாய்ந்த ஒருவன் விரைந்து −10ந ≥ −30 என எழுதினான். பின்னர் வகுத்து, ந ≥ 3 என முடித்தான். விடை தலைகீழாயிற்று. குறை எண்ணால் வகுக்குங்கால் குறி திரும்பும் என்னும் விதியைக் கற்றதில்லையா என வினவினோம். "படித்தேன் அண்ணா, மறந்துவிட்டது" என்று தலைகுனிந்தான்.

பின்னர்க் குறிகளை விடுத்துச் சொற்களாற் கேட்டோம். "உன் கையில் 50 ரூபாய் உளது. நோட்டு ஒன்றின் விலை 10 ரூபாய். காரைக்குடியிலிருந்து ஊர் திரும்பப் பேருந்திற்கு 20 ரூபாய்க்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். எத்தனை நோட்டு வாங்குவாய்?" என்றோம். அவன் இமைப்பொழுதும் தயங்கவில்லை. "மூன்றுக்கு மேல் வாங்கினால் நடந்துதான் வரவேண்டும்" என்றான். இரண்டும் ஒரே கணக்கென்று காட்டியபோது அவன் அடைந்த வியப்பினும் எமக்கு உண்டான வியப்பே பெரிது. அவனுக்குக் கணக்கு வாராமலில்லை. குறிகள் பேசும் மொழியைத் தன் மொழியாக எண்ணிப் படிக்க அவனை எவரும் பழக்கவில்லை, அதுவே குறை.

குறி திரும்புதல் மனப்பாடம் செய்யத்தக்க மந்திரமன்று. 5 ரூபாய் உடையவன் 3 ரூபாய் உடையவனினும் செல்வன். அத்தொகைகளே கடனாகுமாயின், 5 ரூபாய்க் கடனாளி 3 ரூபாய்க் கடனாளியினும் வறியன். உடைமை கடனாக மாறியவுடன் வரிசை மாறிவிட்டது. கி.பி. 628இல் தம் நூலை இயற்றிய பிரமகுப்தர் மிகை எண்ணைச் செல்வமென்றும் குறை எண்ணைக் கடனென்றும் பெயரிட்டே விதி கூறினார். பேரேடு எழுதி, ஐந்தொகை கண்டு, கடல் கடந்து வணிகம் நடத்திய நகரத்தார் நாட்டுப் பிள்ளைக்கு இதனினும் எளிய விளக்கம் வேறென்ன வேண்டும்? அன்றியும், விதி மறந்துபோயினும் வழி உளது. குறையுறுப்பை மறுபுறம் கொண்டு சென்றால் 50 ≥ 20 + 10ந என்றாகும். அதிலிருந்து 30 ≥ 10ந. எனவே 3 ≥ ந. குறியைத் திருப்ப வேண்டிய தேவையே எழவில்லை.

இனி, தமிழ் மாணவர்க்கு இதனால் ஆவதென்ன என வினவுவார் உளர். சட்டமும் அறிவிப்பும் பெரும்பாலும் சமனிலிகளாலேயே பேசுகின்றன. இந்திய அரசியலமைப்பின் 326ஆம் பிரிவு, வாக்களிப்போர் குறிப்பிட்ட வயதிற்குக் குறையாதவராதல் வேண்டும் என விதிக்கின்றது. 1988ஆம் ஆண்டின் 61ஆம் திருத்தச் சட்டம் அவ்வயதை 21இலிருந்து 18 ஆக்கிற்று. எண் மாறியது, 'குறையாத' என்னும் கருத்து மாறவில்லை. 18 நிரம்பியவனும் அதனுள் அடங்குவான். '18க்கு மேற்பட்ட' என எழுதியிருப்பின் வழக்குக்கு இடமாகியிருக்கும்.

எம் தோழர் ஒருவர் உதவித்தொகை அறிவிப்பொன்றைக் கண்டார். குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000 ரூபாய்க்கு மிகாமல் இருத்தல் வேண்டும் என்றிருந்தது. அவர் தந்தையாரின் சான்றிதழில் இருந்ததும் சரியாக அத்தொகையே. 'மிகாமல்' என்பதைக் 'குறைவாக' எனக் கொண்டு, தமக்குத் தகுதியில்லையென விண்ணப்பியாது விட்டார். பிழை புலப்பட்டபோது இறுதிநாள் கடந்துவிட்டது. தமிழ் இலக்கணத்தில் முதன்மை பெறும் அவர், ஒரு சொல்லின் எல்லையை அறியாமையால் ஓராண்டு உதவியை இழந்தார்.

வருகைப் பதிவையும் நோக்குக. 90 நாள் கொண்ட பருவத்தில் 75 விழுக்காட்டிற்குக் குறையாமல் வருதல் வேண்டுமெனின், 67½ நாளுக்குக் குறையலாகாது. வாராத நாள் 22½க்கு மிகலாகாது. அரை நாளை எவ்வாறு கொள்வது? 'குறையாமல்' என்னுமிடத்து மேலேறி 68 என்றும், 'மிகாமல்' என்னுமிடத்து கீழிறங்கி 22 என்றும் கொள்ளல் வேண்டும். பாதியைக் கண்டவுடன் மேலேற்றும் பழக்கத்தால் 23 நாள் விடுப்பெடுத்தவர் தேர்வெழுதும் உரிமையை இழக்க நேரும்.

சமக்குறியை இராபர்ட் ரெக்கார்டு 1557இல் அச்சேற்றினார். மிகுதி, குறைவுக் குறிகளோ தாமஸ் ஹேரியட்டு மறைந்த பின்னர் 1631இல் வெளிவந்த அவர் நூலில், 74 ஆண்டு பிந்தியே தோன்றின. குறி பிந்தினும் பொருள் பழமையானது. கோபுரம் கட்ட விரும்புவோன் அதனை முடிக்கத் தன் கைப்பொருள் போதுமோ என்று முதலில் உட்கார்ந்து கணக்கிட வேண்டுமென நம் ஆண்டவர் அருளிய உவமை, லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் உளது. பொருளும் செலவும் சமமாதல் வேண்டுமென்பதன்று அதன் கருத்து; செலவு பொருளுக்கு மிகலாகாது என்பதே. அடித்தளத்தோடு நின்ற கோபுரத்தைக் கண்டு நகைப்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். இவ்வரம்புக் கணக்கே வளர்ந்து, ஜார்ஜ் டான்ட்சிக் 1947இல் வகுத்த முறையால், பல சமனிலிகளை ஒருங்கே நிறைவுசெய்து மிக்க பயன் காணும் கலையாயிற்று.

அதே 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்ட வள்ளல் அழகப்பச் செட்டியார், ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர். அவரே 1950இல் சென்னையில் இராமானுஜன் பெயரால் கணித ஆராய்ச்சி நிலையம் நிறுவினார். இலக்கியம் பயின்றவர் எண்ணை அயலாகக் கருதவில்லை.

விதியைக் கற்றாலே மதிப்பெண் கிட்டுமே என்பாருக்கு யாம் கூறுவது இது: மானகிரிச் சிறுவனும் விதியைக் கற்றவனே. ஆதலின், கணித வகுப்பில் ஒவ்வொரு சமனிலியையும் முதலில் தமிழ்த் தொடராக வாய்விட்டுப் படித்த பின்னரே தீர்க்கும் வழக்கம் வேண்டும். தமிழ் வகுப்பிலும் 'மிகாமல்', 'குறையாமல்', 'மேற்பட்ட', 'உட்பட்ட' என்னும் சொற்களின் எல்லையைச் சட்டங்கள், அறிவிப்புகள் வாயிலாக ஆராய்தல் வேண்டும். இதற்குப் பொருட்செலவு இல்லை. புதிய ஆசிரியரும் வேண்டா. மூடிய கண்ணைத் திறக்கும் மனமொன்றே வேண்டும்.