கியரே இல்லாத கியர் பாக்ஸ்: வாங்கலாமா, வேண்டாமா?

"ஏன்டா மாப்ளே, நீ ஆட்டோமொபைல்தானே படிக்கிறே? ஆட்டோமேட்டிக் கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். சி.வி.டி.ன்னு சொல்றாங்களே, அது தாங்குமா?"

தீபாவளி லீவில் ஊருக்குப் போனபோது மாமா இப்படிக் கேட்டார். "விசாரிச்சுச் சொல்றேன் மாமா" என்று நழுவிவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது. நம்ம லேபில் ஸ்லைடிங் மெஷ், கான்ஸ்டன்ட் மெஷ், சிங்க்ரோமெஷ் மூன்றுக்கும் கட் செக்‌ஷன் மாடல் இருக்கிறது. வைவாவில் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். சி.வி.டி. மட்டும் கரும்பலகையில் இரண்டு புல்லி, ஒரு பெல்ட் என்று வரைந்ததோடு முடிந்துபோன சமாச்சாரம். அதன்பிறகு இன்-பிளான்ட் டிரெய்னிங்கில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது. அதனால்தான் துணிந்து எழுதுகிறேன். என் கட்சி இது: ஊருக்குள் ஓடும் சின்ன பெட்ரோல் காருக்கு சி.வி.டி. நல்ல தேர்வுதான். ஆனால் அதன் குணம் தெரியாதவர் கையில் அது நிலைக்காது.

"கியர் போடத் தெரியாதவன் ஓட்டுற வண்டிடா அது" என்று ஹாஸ்டலில் கேலி பேசும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நம் காலேஜ் ஸ்டாண்டில் நிற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்களைப் போய்ப் பாருங்கள். 1984-ல் நம் நாட்டுக்கு வந்த கைனடிக் ஹோண்டா தொடங்கி, கியர் இல்லாத பெட்ரோல் ஸ்கூட்டர் எல்லாம் சி.வி.டி. குடும்பம்தான். என்ஜின் வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் ரோலர்கள் வெளியே தள்ளப்பட்டு, முன் புல்லியின் இரண்டு தட்டுகளையும் நெருக்கும். பெல்ட் மேலே ஏறும். பின் புல்லியில் அதே பெல்ட் உள்ளே இறங்கும். ரேஷியோ மாறியாயிற்று. வெட்டு இல்லை, குலுக்கல் இல்லை. கேலி பேசுகிறவரே அதில்தான் காலையில் வந்து இறங்கியிருப்பார்!

காரில் இதை முதலில் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஹாலந்து நாட்டு ஹப் வான் டூர்ன். 1958-ல் அவருடைய டாஃப் 600 கார் ரப்பர் பெல்ட்டோடு வந்தது. முன்னால் போகிற வேகத்திலேயே பின்னாலும் போகும்! அந்த ஊர்க்காரர்கள் இந்த கார்களை வைத்து ரிவர்ஸ் ரேஸே நடத்தினார்கள். பின்னால் ரப்பர் போய் ஸ்டீல் பெல்ட் வந்தது. மெல்லிய இரும்புத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கி, ஸ்டீல் பட்டைகளில் கோர்த்தது. 1987-ல் சுபாரு ஜஸ்டி காரில் இது வந்தது. இதில் நான் ரசித்த விஷயம், சைக்கிள் செயின் மாதிரி இந்த பெல்ட் இழுப்பதில்லை, தள்ளுகிறது. மேஜையில் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி ஒரு முனையைத் தள்ளினால் மறுமுனை நகருமே, அப்படி.

இதனால் என்ன லாபம்? ஐந்து கியர் வண்டியில் ஒவ்வொரு கியருக்கும் ஆர்.பி.எம். ஏறி ஏறி இறங்க வேண்டும். சி.வி.டி.யில் என்ஜினுக்கு எந்த வேகம் சௌகரியமோ அங்கேயே அதை நிறுத்திவிட்டு ரேஷியோவை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். 1993-ல் வில்லியம்ஸ் டீம் ஃபார்முலா ஒன் காரில் இதைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தது. 1994 விதிகள் அதற்குக் கதவைச் சாத்திவிட்டன. ரேஸிலேயே பயந்தார்கள் என்றால் சரக்கு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

குறையும் உண்டு. "என்ஜின் கத்துது, வண்டி நகரலை" என்பது ஒன்று. அழுத்தி மிதித்தால் சத்தம் முதலில் எழும், வேகம் பின்னால் மெதுவாக வரும். இதற்காகவே கம்பெனிகள் சாஃப்ட்வேரில் போலி கியர் வைத்து, கியர் மாறுவது போல நடிக்க வைக்கிறார்கள். படி இல்லாத பெட்டிக்குப் படம் வரைந்த படிக்கட்டு!

நிஜமான குறை வேறு. கியரில் பல்லும் பல்லும் பிடிக்கும். இங்கே உராய்வு ஒன்றுதான் பிடி. ஆயில் பிரஷரால் புல்லி பெல்ட்டை நெருக்கிப் பிடிக்க வேண்டும். அந்தப் பம்ப்பைச் சுற்ற என்ஜின் சக்தியில் கொஞ்சம் போகும். டார்க் கூடினால் வழுக்கும். 2020-ல் வந்த நிஸான் மேக்னைட் டர்போவில் மேனுவலுக்கு 160 நியூட்டன் மீட்டர், சி.வி.டி.க்கு 152. என்ஜின் ஒன்றேதான். அதே நிஸான் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையிலான மாடல்களின் சி.வி.டி.க்கு வாரண்டியை 10 வருஷம், 1,20,000 மைல் என்று நீட்ட வேண்டி வந்தது. 2018-ல் டொயோட்டா என்ன செய்தது தெரியுமா? பெல்ட்டுக்குக் கஷ்டமான புறப்பாட்டுக்கு மட்டும் நிஜ கியர் ஒன்றைச் சேர்த்துவிட்டது. நியாயமான வழி.

ஷெட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கார் வழியில் நின்றுவிட்டது. நியூட்ரலில் போட்டு, கயிறு கட்டி, முன் சக்கரம் தரையில் உருள 60 கிலோமீட்டர் இழுத்து வந்துவிட்டார்கள். நாம் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். ஆனால் ஆயில் பம்ப் என்ஜினில் ஓடுவது. என்ஜின் ஓடாவிட்டால் பிரஷர் இல்லை. சக்கரமோ பெல்ட்டையும் புல்லியையும் சுற்றிக்கொண்டே வருகிறது. பிரித்தபோது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டிய புல்லி முகம் முழுக்கக் கோடு கோடாகக் கீறியிருந்தது. என்ஜினில் கோளாறு ஒரு சின்ன சென்சார். பெட்டிக்குப் போட்ட எஸ்டிமேட் ஒரு லட்சத்துக்கு மேல். ரிப்பேர் செய்ய முடியாதா என்று கேட்டேன். "அதெல்லாம் யாருக்குப்பா தெரியும், முழுசா மாத்திட வேண்டியதுதான்" என்றார் சீனியர் மெக்கானிக். அவருக்கு இருபது வருஷ சர்வீஸ். அந்தப் பதில்தான் எனக்கு உறைத்தது. நாளைக்கு நாமும் அதையே சொல்லப் போகிறோமா?

ஆகவே மாமாவுக்கு எழுதிவிட்டேன். டவுனுக்குள் ஆபீஸ் போய் வர, முட்டி வலிக்கு, தாராளமாக எடுங்கள். அதற்கென்று உள்ள ஆயில் தவிர வேறெதையும் ஊற்ற விடாதீர்கள். ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டி நின்றால் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். கொல்லிமலையின் 70 வளைவிலும் தினம் ஆள் நிரப்பி ஏறுகிற டாக்ஸிக்காரராக இருந்தால் மேனுவலே எடுக்கச் சொல்லியிருப்பேன். காசு குறைவாக வேண்டுமென்றால், 2014-ல் செலேரியோவில் வந்த ஏ.எம்.டி. இருக்கிறது. குலுக்கும், ஆனால் உள்ளே இருப்பது நமக்குத் தெரிந்த கியர் பாக்ஸ். பலேனோகூட 2022-ல் சி.வி.டி.யை விட்டு இதற்கு மாறிவிட்டது.

கடைசியாக ஒரு விண்ணப்பம். நான் சொன்ன அந்தக் கீறல் விழுந்த பெட்டி இன்னும் ஷெட் மூலையில்தான் கிடக்கிறது. பழைய இரும்பு விலைக்குத் தருவதாக ஓனர் சொல்லியிருக்கிறார். கட் செக்‌ஷன் போட ஒர்க் ஷாப்பில் நாங்கள் ஆறு பேர் தயார். சங்கப் பொருளாளர் கவனிக்க.