ஆறு பேர் உள்ளே, மற்றவர் வெளியேயா?

இங்கிலாந்தில் ஆம்புலன்ஸ் இலாகாவில் ஒரு தனிப்படை உண்டு. வெடிகுண்டு வெடித்த இடம், இடிந்த கட்டடம், விஷவாயு, வெள்ளம் ஆகிய இவைகளுக்குள் நுழைந்து, அடிபட்டவன் கிடக்கிற இடத்திலேயே சிகிச்சை செய்யப் பழகிய பாராமெடிக்குகள் கொண்டது அது. ஒரு படைக்கு ஆறு பேர் இரவும் பகலும் தயாராயிருக்க வேண்டுமென்பது விதி.

இது வீண் செலவு என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேள்வி அற்பமானதல்ல. 2022 டிசம்பரில் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அழைப்புகளுக்கு அந்நாட்டு ஆம்புலன்ஸ் போய்ச் சேரச் சராசரி ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. விதித்த காலமோ 18 நிமிஷம். கிழவி ஒருத்தி மார்பைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க, என்றோ வரப்போகும் குண்டுக்காக ஆறு பேர் உட்கார்ந்திருப்பதா என்று கேட்கிறார்கள். உட்கார்ந்திருக்க வேண்டாமே! கூப்பிட்டால் உடனே திரும்பும்படி பக்கத்து அழைப்புகளுக்கு அவர்களை அனுப்பினால் யார் கையைப் பிடிக்கிறார்கள்?

ஆனால் படையே வேண்டாமென்பது முட்டாள்தனம். முன்பு ஆம்புலன்ஸ்காரர் வெளியே நிற்பார். தீயணைப்போர் தூக்கி வந்த பிறகே வைத்தியம். ரத்தம் அதுவரை காத்திருக்குமா? 2005 ஜூலை 7-ந் தேதி லண்டன் குண்டுவெடிப்புகளில் 52 பேர் மாண்டார்கள். அதற்குப் பின்வந்த ஆண்டுகளில்தான் இந்தப் படை நாடெங்கும் அமைந்தது.

தோழர்களே, எனது ஆட்சேபணை வேறு. 2017 மே 22 இரவு 10-31க்கு மான்செஸ்டர் இசையரங்கு வாசல் கூடத்தில் குண்டு வெடித்து 22 பேர் மாண்டார்கள். காயம்பட்டவர்களை வெளியேற்றி முடியும் வரை அக்கூடத்துள் போன பாராமெடிக்குகள் எத்தனை பேர் தெரியுமா? மூன்றே பேர்! அதில் தனிப்படையார் இருவர். அவர்கள் நுழைந்ததே முக்கால் மணி நேரம் கழித்து. மற்ற பாராமெடிக்குகள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அபாய இடம் தனிப்படையின் வேலையாம்!

அபாயம் பொய்யென்று நான் சொல்லவில்லை. இன்னொரு குண்டு இருக்குமோ என்ற பயம் நியாயமானதே. ஆனால் அதே கூடத்தில் போலீசாரும், அரங்கச் சிப்பந்திகளும், பொது ஜனங்களும் நின்று தங்களுக்குத் தெரிந்த மட்டில் ரத்தத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்களே! தெரியாதவன் உள்ளே, தெரிந்தவன் வெளியே! விசாரணை நடத்திய மாஜி நீதிபதி சாண்டர்ஸ் 2022 நவம்பர் அறிக்கையில், மாண்டவர்களில் ஒருவர் தக்க சிகிச்சை உடனே கிடைத்திருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்று எழுதினார்.

ஆகவே படை இருக்கட்டும். அதன் பயிற்சியில் பாதியையாவது, அதாவது ரத்தத்தை நிறுத்துவதையும், யாரை முதலில் தூக்குவது என்று பிரிப்பதையும், எவ்வளவு அபாயம் வரை உள்ளே போகலாம் என்பதையும் ஒவ்வொரு ஆம்புலன்ஸ்காரருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அனுப்புகிற அதிகாரிக்கு அதற்கு முன்பே சொல்லிக் கொடுக்க வேண்டும். அன்றிரவு காயம்பட்டவர்களை விளம்பரப் பலகைகளிலும் இரும்புத் தடுப்புகளிலும் கிடத்தித் தூக்கி வந்தார்கள். ஸ்டிரெச்சர்கள் வெளியே வண்டிகளில் இருந்தன.