கயிற்றின் மறுமுனை

செய்யாறு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் இறங்க வேண்டுமென்றால் முதலில் ஒரு தாள் வேண்டும். ஆக்ஸிஜன் எவ்வளவு, ஹைட்ரஜன் சல்பைடு எவ்வளவு என்று மீட்டரில் அளந்து, எழுதி, பொறுப்பாளர் கையெழுத்துப் போட வேண்டும். இறங்குபவர் இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கயிறு. கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவர் டீ குடிக்கக்கூட நகரக் கூடாது.

இது எந்த முதலாளியின் பெருந்தன்மையும் இல்லை. வாயு இருக்கக்கூடிய தொட்டியில் இறங்க எழுத்துச் சான்று, இல்லையென்றால் சுவாசக் கருவி, பெல்ட், வெளியே கயிற்றைப் பிடிக்க ஓர் ஆள் என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவே சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலைக்கு, வீட்டுக்கு வருவேன். தீபத்துக்கு முந்தின வாரம் எங்கள் தெருவில் போன்கள் அடிக்கும். கிரிவலக் கூட்டத்தால் லாட்ஜ்கள் நிரம்பும் முன் செப்டிக் டேங்க் காலியாக வேண்டும். லாரி வந்து உறிஞ்சும். அடியில் கெட்டிப்பட்டுக் கிடப்பது குழாய்க்கு வராது. அதற்குத்தான் போன். அந்த போன் எந்தத் தெருவுக்கு வரும், எந்தத் தெருவுக்கு வரவே வராது என்று ஊரில் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சாதிக்கு அவ்வளவு துல்லியமான முகவரிப் புத்தகம் இருக்கிறது.

"மாஸ்க் குடுத்தாங்கப்பா" என்றார் சித்தப்பா ஒருமுறை. கொரோனாவுக்குப் போட்டோமே, அந்தத் துணி மாஸ்க். வாயு துணிக்கு நிற்குமா? கொஞ்சமாக இருக்கையில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நூறு பிபிஎம் அளவை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நம்பி இன்னும் ஒரு படி இறங்குவார்கள். மேலும் கூடினால் சில மூச்சுகளில் மயக்கம். தூக்கப்போகும் தம்பியும் மகனும் இழுப்பது அதே காற்றைத்தான். செய்தியில் "மூவர் பலி" என்று வருவது இப்படித்தான்.

உடனே நம் தோழர்களே "பாதுகாப்புக் கவசம் கொடு" என்று முழக்கம் எழுதுகிறார்கள். அதில்தான் எனக்குச் சண்டை. 2013 சட்டத்தைப் படித்துப் பாருங்கள்: அரசு அறிவித்த கருவியோடும் கவசத்தோடும் மலம் அகற்றுபவர் 'கையால் மலம் அள்ளுபவர்' ஆகமாட்டார். கையுறை மாட்டிய நொடியில் ஆள் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார்! பாதுகாப்புப் பயிற்சியில் முதல் நாள் சொல்லித்தருவதே கவசம் கடைசி வழி என்பதுதான். முதல் வழி, ஆபத்து இருக்கும் இடத்துக்கு ஆளை அனுப்பாதே.

ஆகவே கேட்க வேண்டியது வேறு. கெட்டிப்படும் முன்பே, குறித்த காலத்தில் ஒவ்வொரு தொட்டியையும் இயந்திரம் காலி செய்ய வேண்டும். ஆள் இறங்காமல் காலி செய்ய முடியாத தொட்டி உள்ள லாட்ஜுக்கு உரிமம் கூடாது. "குடிச்சிட்டு இறங்கறாங்க, சொன்னா கேக்கறதில்ல" என்பவர்களுக்கு ஒன்று: எங்கள் ஆலையில் இறங்குவதா வேண்டாமா என்பதை இறங்குபவரின் புத்தியிடம் விடுவதில்லை, மீட்டரிடம் விடுகிறோம்.

இழப்பீடு 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் 10 லட்சம், 2023 தீர்ப்பில் 30 லட்சம். முதல் முறை ஆபத்தான முறையில் இறக்கினாலே இரண்டாண்டு வரை சிறை என்கிறது சட்டம். ஜெயிலுக்குப் போன லாட்ஜ் முதலாளி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. உயிரின் விலைதான் ஏறியிருக்கிறது.

போன தீபத்துக்கு வந்த போனை நான் எடுத்தேன். கேஸ் மீட்டர் இருக்கிறதா, கயிற்றை யார் பிடிப்பது என்று கேட்டேன்.

"அதெல்லாம் எதுக்கு தம்பி, வேற ஆள் பாத்துக்கறோம்."

பத்து நிமிடத்தில் எதிர்வீட்டு போன் அடித்தது.