துயரத்தைத் தாங்கப் பழக்குவோம்

1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டிலிப்பாய் உட்பட வலிகாமம் முழுவதும் போரால் இடம்பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தை அடியடியாகக் கடந்த தலைமுறை அது. "எங்கடை சனம் எதையும் தாங்கும்" என்ற பெருமை அதனாலேயே இங்கு ஊறிப்போயிருக்கிறது. ஆனால் சொல்லப்படாத துயரம் தலையிடியாகவும் நெஞ்சுநோவாகவும் நித்திரையின்மையாகவும் வெளிப்படுவதை, யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் பதிவு செய்திருக்கிறார். தாங்கியதாக நாம் நினைத்ததில் பெரும்பகுதி, உள்ளே அடக்கியதுதான்.

உளநலத்தைக் காப்பது அடக்குதல் அல்ல. துயரத்தை உணர்ந்தபடியே, விபரீதமாக எதுவும் செய்துவிடாமல் அந்த நேரத்தைக் கடப்பதுதான். இது பிறவிக்குணமல்ல, பழகக்கூடியது. அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான் 1993இல் நூலாக வெளியிட்ட சிகிச்சைமுறை, இதைப் படிப்படியான பயிற்சியாக்கியது: முகத்தைக் குளிர்நீரில் நனைப்பது, மூச்சை மெதுவாக விடுவது, வந்திருப்பது கோபமா, வெட்கமா, பயமா என்று இனங்காண்பது. இளவயதில் தாமே மனநல மருத்துவமனையில் இருந்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னவர் அவர்.

அந்த நேரத்தைக் கடப்பது எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு இலங்கையே சான்று. 1990களின் நடுப்பகுதியில் இங்கு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 தற்கொலைகள். 1995இலும் 1998இலும் கடும் நச்சுப் பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டன. பத்தாண்டுக்குள் அந்த வீதம் பாதியாகியது. போரும் வறுமையும் முற்றாக நீங்கிவிடவில்லை. ஆனாலும் உயிர்பறிக்கும் நஞ்சு கைக்கெட்டாமல், கொந்தளித்த நேரத்தை உயிரோடு கடந்தபோது பலர் வாழ்ந்தார்கள்.

துயரத்தை உணர்ந்தபடியே கடப்பதை எங்கள் செத்தவீடுகள் முன்பே அறிந்திருந்தன. பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அயலார் சோறும் தேத்தண்ணியும் கொண்டுவருவார்கள். எட்டுச்செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்று அழுகைக்கு இடமும் காலமும் துணையும் இருந்தன. சோதனையில் தவறிய மாணவிக்கும், கடன் முற்றிய தகப்பனுக்கும், மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத தாய்க்கும் அப்படி ஒரு சடங்கு இல்லை. "உதுக்கெல்லாம் அழுறதே?" என்ற ஒரு கேள்வியோடு அவர்கள் தனித்துவிடப்படுகிறார்கள்.

அடிவாங்கும் மனைவியிடம் "பொறுத்துப் போ பிள்ளை" என்பதை இந்தத் தாங்குதலின் கணக்கில் சேர்க்கக்கூடாது. அநீதியை நிறுத்த வேண்டும். அதற்கான தெளிவைத் தருவதுதான் மனப்பயிற்சி.

வலிகாமத்துப் பாடசாலைகளில் இந்தப் பயிற்சிக்கு வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் போதும், தொடங்கிவிடலாம். வீட்டில், அழும் பிள்ளைக்குப் புத்திமதி சொல்லுமுன் பக்கத்தில் இருங்கள். தோட்டத்து மருந்துப் போத்தல்களைப் பூட்டி வையுங்கள். சமாளிக்க முடியாத இரவில் 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழையுங்கள். உதவி கேட்பதும் தாங்கும் வலிமையின் ஒரு பகுதிதான்; அதைப் பிள்ளைகள் எங்களைப் பார்த்தே கற்பார்கள்.