தீவுப்பற்பரி

சிவகாசியில் பள்ளிச் சுவர்ப்படங்கள் அச்சிடும் அன்பரொருவர் அண்மையில் மெய்ப்புத்தாள் ஒன்றை எம்மிடம் காட்டினார். குதிரையினம் படிப்படியாய் மாறிவந்த வழியை விளக்கும் படம் அது. அதிலொரு குதிரைக்குக் காலொன்றுக்கு மூன்று விரல். நடுவிரல் பெரிது, இருபுற விரல்களும் சிறியன. கீழே பெயர்: 'சிவாலிப்பசு'. தாளடுக்கும் இளைஞர், "அண்ணாச்சி, குதிரைய வரைஞ்சு பசுன்னு போட்டிருக்கே!" என்றாராம்.

சிரித்துவிட்டு அகலத் தக்கதன்று இது. அயலெழுத்தை விலக்குக என்று நூறாண்டுக்கும் மேலாக முழங்கி வருவோர் நாம். குதிரையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை 'இப்பசு' என்றாக்கியதும் நம் நெறிப்படியே. எழுத்துத் தமிழாயிற்று, குதிரையோ மாடாயிற்று. ஒலியை மட்டும் பெயர்த்தெழுதுவது பெயரிடுதல் ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவ்விலங்கின் வரலாறு அறியத் தக்கது. வட அமெரிக்காவில் தோன்றிய ஒரு குதிரைக் கூட்டம் நிலப்பாலங் கடந்து ஆசியாவுட் புகுந்து, ஏறத்தாழ ஒரு கோடியே எட்டு நூறாயிரம் ஆண்டுகட்கு முன் பனிமலை அடிவாரமாகிய சிவாலிக்குப் பகுதியை எய்தியது. அங்குக் கிடைத்த புதைபடிவம் ஒன்றுக்குப் பால்கனரும் கோட்லியும் 1849-இல் பெயரிட்டனர். 1877-இல் இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையினரான இலைடெக்கர், பாற்பற்களோடு கூடிய மேல்தாடைத் துண்டொன்றைக் கொண்டு, சிவாலிக்குக் குதிரை எனப் பொருள்படும் புதுப் பேரினத்தை நிறுவினார். சிற்றினப் பெயரைத் தம் துறையைச் சேர்ந்த தியோபால்டின் பெயரால் அமைத்தார். பின்னர் அப்பேரினம் ஐரோப்பியப் பெயராகிய 'இப்பாரியோன்' என்பதற்குள் அடக்கப்பட்டு மறைந்தது. 1982-இல், கண்குழிக்கு முன்னுள்ள கன்னப்பள்ளத்தின் அமைப்பை ஆராய்ந்தோர் அதனை அமெரிக்கப் பேரினம் ஒன்றிற் சேர்த்தனர். 2013-இல் வுல்பு, பெர்னர், உசைன் என்னும் மூவர், பாக்கித்தானத்துப் பொத்துவார் மேட்டுநிலப் படிவங்களை மீளாய்ந்து, 1877-ஆம் ஆண்டுப் பெயரையே உயிர்ப்பித்தனர். முன் வைத்த பெயர்க்கே முதலுரிமை என்பது உலக விலங்கியற் பெயரீட்டு நெறி. ஆகவே 136 ஆண்டு கழித்தும் அப்பெயர் எழுந்து நிற்க முடிந்தது. ஏட்டில் ஏறிய பெயர்க்கு அத்துணை வலிமை!

அந்நெறியோடு நமக்குப் பூசலில்லை. உலக அறிஞர்க்கு இலத்தீன் வடிவப் பெயர் இருக்கட்டும்; தியோபால்டும் இருக்கட்டும். அவ்வேட்டில் தமிழுக்கும் இடமுண்டு. முருங்கையின் பேரினப் பெயர் 'மோரிங்கா' என்பது நம் முருங்கையினின்று பிறந்ததே. (அதனை அயற்சொல்லென்று மனப்பாடஞ் செய்யும் தமிழ்ப் பிள்ளைகளை யாம் கண்டுள்ளோம்.) நாம் கேட்பது, தமிழ் மாணவன் தன் மொழியிற் படிக்கும்போது பொருள் விளங்கும் பெயரொன்று உடன் நிற்றல் வேண்டும் என்பதே. பரி, புரவி, இவுளி, மா எனக் குதிரைக்குப் பல சொல் படைத்த மொழி இதற்கு வறுமையுற்றதன்று.

'முக்குளம்பி' எனலாமா எனின், முழுதும் போதாது. இதற்கு முந்திய குதிரைகள் பலவும் மூவிரலினவே. ஆதலின் அஃது அனைத்திற்கும் பொதுப்பெயராய் நிற்கலாம். இக்கூட்டத்தை இற்றை ஒற்றைக் குளம்புக் குதிரையினின்று பிரித்துக் காட்டுவது பல்லும் ஆகும். மேற்கடைவாய்ப் பல்லின் அரைபரப்பில் ஒரு முகடு ஏனையவற்றோடு ஒட்டாமல், பற்சிப்பி சூழ்ந்த தீவென நிற்கும். இற்றைக் குதிரையில் அஃது ஒட்டியிருக்கும். எனவே இக்கூட்டத்தைத் 'தீவுப்பற்பரி' என்றும், சிவாலிக்குப் பேரினத்தைப் 'பனிமலைத் தீவுப்பற்பரி' என்றும் வழங்கலாம் என்பது எம் கருத்து. 'தீவுப்பல்லி' என்றார் நண்பரொருவர். மாட்டை விரட்டிப் பல்லியை ஏற்றவோ?

அழிந்துபோன விலங்கின் பெயருக்கு ஏன் இத்துணை முயற்சி என்பார்க்கு ஒன்று சொல்வோம். இம்மாவட்டம் பெயரொன்றிற்காக உயிரீந்த மண். தமிழ்நாடு என்னும் பெயர் வேண்டி 1956 சூலை 27-இல் விருதுநகரில் உண்ணாநோன்பு தொடங்கிய சங்கரலிங்கனார், அக்தோபர் 13-இல் உயிர் நீத்தார். 1967 சூலை 18-இல் சட்டமன்றம் தீர்மானம் இயற்ற, 1969 சனவரி 14 முதல் அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. 'பெயரில் என்ன இருக்கிறது' என்று அன்றும் வினவினர்.

தீப்பெட்டிக்கும் வெடிக்கும் தாள் ஒட்டிய கைகளின் பிள்ளைகள் இன்று அறிவியல் படிக்கின்றனர். அவர்தம் வீட்டில் ஆங்கிலம் விளக்கிச் சொல்வார் பலர்க்கு இலர். பெயரே பொருளை உணர்த்துமாயின் பாதிப் பாடம் முடிந்தது. 'சிவாலிப்பசு' எனின் பாடந் தொடங்குமுன்பே குழப்பம்.

அச்சக அன்பர் அத்தாளை நிறுத்தி வைத்துள்ளார். வரும் கல்வியாண்டிற்குள் அச்சேற்ற வேண்டுமாம். எம் பெயரினும் பொருத்தமானது தோன்றுவோர், கரணியத்தொடு ஒரு திங்களுக்குள் எழுதி விடுக்க.