இரு குன்றுகள், ஒரு துறைமுகம்



கடல் அமைதியாயிருக்கையில் துறைமுகத்தின் அருமை தெரிவதில்லை. இதை நாம் உணர்ந்தது, சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதத்தில், கிரேக்க நாட்டின் ஏஜியன் கடலில்.

தீனோஸ் தீவினின்று சீரோஸ் தீவுக்குப் பாய்மரப் படகில் புறப்பட்டோம். கோடையில் அக்கடலில் 'மெல்தேமி' என்னும் வடகாற்று வீசும். வானில் மேகம் ஒன்றும் இராது. எனினும் காற்று திடீரெனச் சீறி எழும். அன்றும் அவ்வாறே எழுந்தது. மீகாமன் பாயைச் சுருக்கிக் கட்டினார். நாமோ கயிற்றைப் பற்றியவாறு வாய் திறவாதிருந்தோம்.

பிற்பகலில் எர்மூப்போலி துறைமுகம் தோன்றியது. அதற்கு மேலே இரு குன்றுகள். இடப்புறக் குன்றின் உச்சியில் கத்தோலிக்கரின் புனித ஜார்ஜியார் பேராலயம். வலப்புறக் குன்றில் ஆர்த்தடாக்ஸ் சபையாரின் உயிர்ப்பு ஆலயம்.

அங்கே நங்கூரத்தை முன்னே இறக்கிவிட்டு, படகைப் பின்புறமாகச் செலுத்திக் கரையில் கட்டவேண்டும். குறுக்கே அடித்த காற்று நம் படகை அடுத்த படகின்மேல் தள்ளிற்று. அப்போது முன்பின் அறியாத ஒருவர் கரையில் ஓடிவந்து, நாம் வீசிய கயிற்றைப் பிடித்து இறுகக் கட்டினார். நம் நன்றிக்கும் காத்திராது சென்றுவிட்டார்.

மாலையில் குன்றின் படிகளில் ஏறுகையில் அவ்வூரின் வரலாற்றைக் கேட்டறிந்தோம். மேலேயுள்ள ஆனோ சீரோஸ், 13ஆம் நூற்றாண்டில் வெனிஸ் நகரத்தார் காலத்தில் எழுந்த கத்தோலிக்க ஊர். கிரேக்க விடுதலைப் போரின்போது, 1822இல் கியோஸ் தீவும் 1824இல் ப்சாரா தீவும் அழிவுற்றன. வீடிழந்தோர் பலர் கடல் கடந்து வந்து இக்குன்றின் அடியில் கரையேறினர். வந்தவர்களோ ஆர்த்தடாக்ஸ் சபையினர். தொடக்கத்தில் மனத்தாங்கல் இல்லாமலில்லை. எனினும் அந்த அகதிகளே எர்மூப்போலி நகரை எழுப்பினர். 19ஆம் நூற்றாண்டில் அது கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகமாக விளங்கிற்று. இன்று அத்தீவில் இரு சபையாரும் ஆண்டவருடைய உயிர்ப்புப் பெருவிழாவை ஒரே நாளில் கொண்டாடுகின்றனர்.

கற்சுவர் அலையைத் தடுக்கும். ஆனால் கயிற்றைப் பிடிக்கக் கரையில் ஒரு மனிதர் வேண்டும். நம் பங்கிலும் புதிதாய்க் குடிவந்த குடும்பம் ஒன்று இருக்கலாம். பூசை முடிந்ததும் ஓரமாய் நின்றுவிட்டு, எவரோடும் பேசாது வீடு திரும்பலாம். வரும் ஞாயிறன்று அவர்களை நோக்கி முதல் அடி எடுத்து வைப்பவர் நம்மில் யார்?